இடது காலின் தேய்மானம்

காற்றை அடைத்தால் கால்கள் எழுந்து நிற்கும். அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேருகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் இதைப் பார்த்துத் திடுக்கிட்டிருக்கிறார்கள். இரும்புக் கம்பியில் இரண்டு ரப்பர் கால்கள் துவண்டு தொங்கும். புது ஜீன்ஸை அவற்றில் மாட்டிப் பெடலை மிதித்தால் உஸ்ஸென்று காற்று ஏறும். தொடை புடைக்கும், முழங்கால் நிமிரும், யாரோ வந்து முன்னால் நிற்பது போல இருக்கும். இடுப்புக்கு மேலே ஒன்றும் இருக்காது. அந்தக் கால்களின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அதுதான் வேலை. புதுசைப் பழசாக்கும் வேலை.

அவளை அங்கே எல்லோரும் உப்புத்தாள் அக்கா என்று கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடமாகத் தேய்க்கிறாள். ஐம்பத்திரண்டு வயது. விரல் நகங்களின் ஓரம் எப்போதும் நீலமாக இருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. தும்மினால் கைக்குட்டையிலும் நீலம்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சாம்பிள் வரும். யாரோ நிஜமாகவே வருடக்கணக்கில் போட்டுத் தேய்த்த பழைய ஜீன்ஸ். மூட்டை மூட்டையாகப் பழைய துணி விற்கிற இடங்களில் தேடி எடுத்து அனுப்புவார்கள். அதில் எங்கே வெளுத்திருக்கிறதோ அங்கே வெளுக்க வேண்டும், எங்கே நைந்திருக்கிறதோ அங்கே நைய வைக்க வேண்டும். சாம்பிளில் இருப்பது அப்படியே பீஸில் வர வேண்டும் என்பது பட்டறையின் சட்டம். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒருமுறை, வேலையை மேற்பார்க்கும் மாஸ்டரின் சட்டைப்பையிலிருந்த பேனா கசிந்து சாம்பிளில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது. அது அப்போது யாருக்கும் தெரியவில்லை. இருநூறு பீஸிலும் அந்தப் புள்ளியைக் கவனமாக வைத்து அனுப்பிவிட்டார்கள். வாங்கியவர்கள் புள்ளியைப் பாராட்டிக் கடிதம் எழுதியதாக மாஸ்டர் சொல்லிக்கொள்வார்.

தேய்த்துத் தேய்த்து, அக்காவுக்குத் தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டது. பர்ஸை எந்தப் பாக்கெட்டில் வைப்பான், வண்டி ஓட்டுகிறவனா, நின்றே வேலை செய்கிறவளா, எல்லாம் துணியில் இருக்கும். பக்கத்துக் கம்பியில் வேலை செய்கிற வாயாடி இதைக் கிண்டல் செய்யாத நாளே கிடையாது.

"அக்கா, நாளைக்கு என் வீட்டுக்காரர் ஜீன்ஸைக் கொண்டு வரேன். எங்க போறாரு, எவ கூட டீ குடிக்கிறாருன்னு பாத்துச் சொல்லு."

"உன் வீட்டுக்காரர் எங்கயும் போக மாட்டாரு. உட்கார்ற இடம்தான் தேஞ்சிருக்கும்."

"அதுவும் சரிதான். நாற்காலிதான் அவருக்கு ரெண்டாவது பொண்டாட்டி."

இப்படிச் சிரித்துக்கொண்டு இருந்தாலும், ஒவ்வொரு நாளும் முதல் பெடலை மிதிக்கும்போது அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். கால்கள் எழும். அவள் நிமிர்ந்து மேலே பார்க்க மாட்டாள். பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மேலே முகம் இருந்துவிடுமோ என்று பயம். இருந்தால் அது கேட்கப்போகும் கேள்வியும் அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். நான்கு வயது இளையவள். சின்ன வயதில் மதிலிலிருந்து குதித்துக் கணுக்கால் முறிந்து, சரியாகக் கூடாமல், இடது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்டது. அதனால் வாத்து. வீட்டில் மட்டும் அல்ல, தெருவிலும் அவள் வாத்துதான். கோபித்துக்கொள்ள மாட்டாள். "ஆமா, வாத்துதான். நீங்கெல்லாம் கோழி. தண்ணியைப் பாத்தா ஓடுவீங்க" என்பாள்.

அப்பா ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் எழுத்தர். அங்கே தட்டச்சு எல்லாம் அவர் வேலை. அந்தக் காலத்தில்தான் ஜீன்ஸ் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. எங்கோ தூர தேசத்தில், சுரங்கத்தில் கல் உடைத்தவர்களும் மாடு மேய்த்தவர்களும் சீக்கிரம் கிழியக் கூடாது என்று போட்டுக்கொண்ட முரட்டுத் துணி அது. அங்கே அவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகளின் துணியாகிவிட்டது. இங்கே வந்து சேரும்போது உழைத்தவர்களின் கதை கழன்றுவிட்டது. பேச்சைக் கேட்காதது மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. சினிமா போஸ்டரில் அதைப் போட்டவன் ஒன்று திருடனாக இருப்பான், இல்லையென்றால் காதலிப்பான். பஸ் ஸ்டாப்பில் அதைப் போட்டுக்கொண்டு நின்ற நான்கு பையன்களைப் பெரியவர்கள் சுற்றி நடந்து போனார்கள். தலைமையாசிரியர் சொல்ல, அப்பாதான் அந்தச் சுற்றறிக்கையைத் தட்டினார். நீலநிற முரட்டுக் கால்சட்டை அணிந்து வரும் மாணவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள். மாணவிகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வாத்துக்குத் தோன்றியது. பதினாறு வயதில், பழைய துணிக் கடையில், யாரோ ஒரு பையன் போட்ட ஜீன்ஸை வாங்கிக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் போட்டாள். அக்கா அப்போது வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள்.

"இடுப்பைப் பிடிச்சுக் குடு. கீழ நீளத்தை மடிச்சுக் குடு. அப்பாவுக்குத் தெரியக் கூடாது."

"உனக்கு எதுக்குடி இது?"

"பாவாடையில நடந்தா எல்லாரும் என்னை ஒதுங்கிப் போன்னு சொல்றாங்க. இதுல நடந்தா நான் சொல்லுவேன்."

துணியின் தடிமனுக்கு மெஷின் ஊசி இரண்டு உடைந்தது. கடைசியில் கையாலேயே தைத்தாள். ஜீன்ஸுக்கு ஏற்ற நூல் வீட்டில் இல்லை. யாருடைய ரவிக்கைக்கோ வாங்கிய சிவப்பு நூல்தான் இருந்தது. இடுப்பின் உள்பக்கம், பின்தையல், நெருக்கமாக. கீழே இரண்டு கால்களையும் உள்ளே இரண்டு விரல் அகலம் மடித்துத் தைத்தாள். வாத்து அதைப் பாவாடைக்குள் சுருட்டிப் போட்டுக்கொண்டு போய், சிநேகிதி வீட்டில் பாவாடையைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருவில் நடந்தாள். ஏழு மாதம் நடந்தாள்.

எட்டாவது மாதம், ஞாயிற்றுக்கிழமை காலையில், அலுவலக நண்பர் ஒருவர் வந்து, உங்கள் சுற்றறிக்கை உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை போலிருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனார். அப்பா கத்தவில்லை. அலமாரியைத் துழாவி ஜீன்ஸை எடுத்தார். உள்பக்கம் திருப்பினார். சிவப்பு நூலைப் பார்த்தார். மெஷின் மேலிருந்த நூல்கண்டைப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

"தச்சது நீதானே? நீயே வெட்டு."

அவள் வெட்டினாள். வலது முழங்காலில் குறுக்காக ஒன்று, இடது முழங்காலில் ஒன்று. பழகிய கை. துணியை வைத்தால் நேராகத்தான் போகும். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கை வலிக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். அது அவளுக்கு அன்று மாலைதான் தோன்றியது.

வாத்து அழவில்லை. கிழிந்த ஜீன்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அதையே போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு முழங்காலும் வெட்டுக்குள்ளிருந்து தெரிந்தன. அக்காவிடம் வந்து குனிந்து, வெட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரா வெட்டியிருக்க! கை நடுங்கவே இல்லையாக்கா?"

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனாள். திரும்பி வரவில்லை.

அப்பா தேடினார். உண்மையாகவே தேடினார். சிநேகிதிகள் வீடு, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி. இருபதாவது நாள் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். மதகில் ஒரு பெண் பிணமாக ஒதுங்கியிருக்கிறாள், கால்சட்டை போட்டிருக்கிறாள், வந்து பார்க்க வேண்டும் என்றார். அப்பா மட்டும் போனார். இரண்டு மணி நேரம் கழித்து வந்து, வாசலில் நின்று வெகுநேரம் கால் கழுவினார்.

"நம்ம பிள்ளை இல்ல."

"நல்லா பாத்தீங்களா?" என்றாள் அம்மா.

"இல்லன்னா இல்லதான்."

அதற்குப் பிறகு அவர் தேடுவதை நிறுத்திவிட்டார். அக்காவை முப்பத்திரண்டு வருடமாகத் தூங்கவிடாதது அதுதான். அவள் இல்லை என்றால் ஏன் தேடுவதை நிறுத்த வேண்டும்? அப்பா பதினோரு வருடம் முன்னால் இறந்து போனார். கடைசி வாரம், ஆஸ்பத்திரியில், அக்கா அவர் காதில் கேட்டாள். "அப்பா, அது அவளா?" அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதற்குள் உலகம் மாறிவிட்டது. தலைமையாசிரியரின் மகன் ஜீன்ஸ் போட்டான். வங்கி விளம்பரத்தில் வழுக்கைத் தலைக்காரர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சேமிக்கச் சொன்னார். சாயங்காலம் வேலை முடிந்து போலீஸ்காரரே ஜீன்ஸில் கடைக்கு வந்தார். எதற்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போனாளோ அது யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காத துணியாகிவிட்டது. முழங்காலில் கிழிந்ததுதான் கூடுதல் மதிப்பு என்று ஆனபோது, கிழிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அக்கா வேலைக்குப் போனாள்.

அன்று காலை மாஸ்டர் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். அறுபது வயது, அவரும் ஜீன்ஸ்தான்.

"புது சாம்பிள். ரெண்டாயிரம் பீஸ். முழங்காலைப் பாருங்க, சும்மா கோடு போட்ட மாதிரி. இதான் இப்ப மவுசு."

வாயாடி எட்டிப் பார்த்தாள். "எவனோ ஸ்கேல் வச்சுக் கிழிச்சிருக்கான் மாஸ்டர்."

அக்கா உறையைப் பிரித்தாள். ஜீன்ஸ் தானாக முழங்காலில் இப்படிக் கிழியாது. நூல் நூலாக நைந்துதான் விடும். இது கத்தரிக்கோல். ஆனால் வெட்டின் ஓரம் பல வருடம் துவைத்து, பஞ்சு போல மென்மையாகியிருந்தது. வெள்ளை நூல்கள் தொங்கின. அவள் கை தானாக இடுப்பை உள்பக்கம் திருப்பியது.

சிவப்பு நூல்.

வெளிறி, மாதுளை முத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. பின்தையல், நெருக்கமாக. தன் கைத்தையல் தனக்குத் தெரியாதா? நடுவில் நூல் அறுந்த இடங்களில் வேறு யாரோ மறுபடி தைத்திருந்தார்கள். அதுவும் சிவப்பு நூல்தான், கொஞ்சம் புதுச் சிவப்பு. தையல் மட்டும் படு மோசம். ஒன்று நீளம், ஒன்று குட்டை. வாத்துக்கு ஒரு பட்டன்கூடத் தைக்க வராது. விரலைக் குத்திக்கொண்டு வந்து நிற்பாள்.

"அக்கா, என்ன, முகம் வெளுத்துப் போச்சு? துணியைத் தேய்க்கச் சொன்னா நீ வெளுக்கிற?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றும் இல்லைதான். இது அந்த ஜீன்ஸ். அவ்வளவுதான் தெரிந்தது. வாத்து வீட்டை விட்டுப் போன அன்றே இதை விற்றிருக்கலாம். கண்டெடுத்த ஒருத்தி போட்டிருக்கலாம். மதகில் கிடந்தவள்மேல் இருந்தது இன்னொரு கால்சட்டையாக இருக்கலாம். பழைய துணி மூட்டைக்கு எல்லார் துணியும்தான் வருகிறது, செத்தவர்கள் துணி உட்பட. பட்டறையில் அது எல்லோருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டார்கள்.

அவள் அதை ரப்பர் கால்களில் மாட்டினாள். பெடலில் வைத்த காலை அழுத்த முடியவில்லை. வாயாடி தன் காலை நீட்டி மிதித்தாள். உஸ்ஸென்று காற்று ஏறியது. தொடை எழுந்தது. முழங்கால் நிமிர்ந்தது, வெட்டு வாய் திறந்தது. அக்கா குனிந்து தரையைப் பார்த்தாள். பார்வை கால்களின் அடியில் போய் நின்றது.

அங்கே அவள் தைத்த மடிப்பு இல்லை.

பிரித்திருந்தார்கள். மடிப்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு கால் முழுக்கச் சுற்றி ஓடியது. ஏழு மாதம் தரையில் உரசிய விளிம்பு. இடது காலில், பின்பக்கம் வெளி ஓரத்தில், அந்தக் கோடு பிறை மாதிரி நைந்திருந்தது. அது வாத்தின் சாய்ந்த பாதம் தேய்த்தது. ஏழு மாதமும் துவைத்துப் போட்ட அக்காவுக்கு அந்தப் பிறை மனப்பாடம்.

கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு, உள்ளே மடிந்திருந்த துணி. பிரித்த புதிதில் அது பட்டை போட்டது போலக் கருநீலமாக இருந்திருக்கும். இப்போது மேலே இருப்பதற்குச் சமமாக வெளுத்திருந்தது. ஒரு வருடத்தில் அப்படி வெளுக்காது. மூன்று, நான்கு வருடம் விடாமல் போட்டிருக்க வேண்டும். அவள் முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் முட்டி போட்டாள். புது விளிம்பைக் கையில் எடுத்தாள். வலது கால் விளிம்பு சமமாகத் தேய்ந்திருந்தது. இடது கால் விளிம்பில், பின்பக்கம், வெளி ஓரத்தில், இன்னொரு பிறை.

அதே சாய்வு. அதே இடம். இரண்டு விரல் கீழே.

பத்தொன்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான விளிம்புகள் அவள் கையில் போயிருக்கின்றன. ஒருவர் நடை இன்னொருவருக்கு வந்ததில்லை. முதல் பிறையைத் தேய்த்த பாதம்தான் இரண்டாவதையும் தேய்த்திருந்தது. நடுவில் அவள் உயரமாகியிருந்தாள். மதகுச் செய்தி வருவதற்குள் போன இருபது நாளில் யாரும் இரண்டு விரல் வளர மாட்டார்கள்.

அக்கா விளிம்பைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு, முதல்முறையாக, மெல்ல நிமிர்ந்து மேலே பார்த்தாள். இடுப்புக்கு மேலே டியூப் லைட்தான் இருந்தது.

மதியம் மாஸ்டர் வந்து சாம்பிளைச் சுற்றிப் பார்த்தார்.

"கீழ இந்தக் கோடு, இடது பக்கம் இந்த நைஞ்ச இடம், இதெல்லாம் வேணாம். நேரம் இழுக்கும். ரெண்டு காலையும் ஒரே மாதிரி தேய்ச்சு விடுங்க."

"சாம்பிள்ல இருக்கே மாஸ்டர்."

"இருக்கட்டும். யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

"உங்க பேனாப் புள்ளியையே குனிஞ்சு பாத்தாங்களே."

வாயாடி வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டார்.

"சரி, சரி. சாம்பிள்படியே செய்யுங்க. சாயங்காலம் சாம்பிளை ஆபீஸ்ல குடுத்துடணும்."

"இது எங்க வாங்கினது மாஸ்டர்?"

"மூட்டையில வந்தது. மூட்டை கப்பல்ல வந்தது. கப்பல் எங்கிருந்து வந்ததுன்னு கடலைத்தான் கேக்கணும்."

இன்னும் இரண்டு விஷயம் அவள் நெஞ்சை அரித்தது. முழங்கால் வெட்டை வாத்து தைக்கவே இல்லை, அத்தனை வருடமும் திறந்தே போட்டு நடந்திருக்கிறாள். ஆனால் இடுப்பில் அக்காவின் தையல் அறுந்தபோது, வராத தையலைத் தைத்து, தேடிப் பிடித்த சிவப்பு நூலில் அதைக் காப்பாற்றியிருக்கிறாள். இரண்டில் எது தனக்கான பதில் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு என்ன ஆனாள், ஏன் ஒருநாள் இந்த ஜீன்ஸை விட்டுவிட்டாள், அதுவும் துணியில் இல்லை. துணி அதற்குமேல் பேசாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். அம்மா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எழுபத்தெட்டு வயது, கண் மங்கிவிட்டது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா. சின்னவ வளர்ந்துட்டாம்மா."

அம்மா எங்கே பார்த்தாய் என்று கேட்கவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை.

"எவ்வளவு?"

அக்கா இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினாள். அம்மா அதைத் தடவிப் பிடித்து, நீல நகங்களின் மேல் தன் விரலை ஓட்டி அளந்தாள். அந்த விரல்களை விடவே இல்லை.

"ரெண்டு விரலா? அவ்வளவுதானா?" என்றாள். "போன இடத்துல ஒழுங்காவே சாப்பிட்டிருக்க மாட்டா."

மறுநாள் காலை இரண்டாயிரத்தில் முதல் பீஸ். அக்கா பெடலைத் தானே மிதித்தாள். கால்கள் எழுந்தன. இடது விளிம்பில் பிறையைத் தேய்த்தாள், கோட்டுக்கு ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. பிறகு கத்தரிக்கோலை எடுத்து வலது முழங்காலில் வைத்தாள்.

மாஸ்டர் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"என்னங்க இது, கோணலாப் போயிருக்கு? உங்க கைக்கு இப்படி வந்ததே இல்லையே."

"ஆமா மாஸ்டர். நடுங்கிடுச்சு" என்றாள் அவள், கொஞ்சம் சத்தமாக, அந்தக் கால்களுக்கு மேலே பார்த்து.